உயிர்த்தெழுதலுக்குப் பிறகு பேதுருவுக்கு என்ன ஆயிற்று?

தமிழ்ச் சபைகளில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு நடை இருக்கிறது. முதலில் பழைய வாழ்க்கை வரும்: குடி, கடன், வீட்டில் அடிதடி, தற்கொலை எண்ணம். அப்புறம் ஒரு கூட்டம், ஒரு பிரசங்கம், ஓர் இரவு. அன்றோடு எல்லாம் மாறிவிடும். கடைசியில் "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்ற வசனம், ஓர் அல்லேலூயா. கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை, அப்படி மாறியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் சாட்சி அந்த நாளோடு நின்றுவிடும். அதற்குப் பிந்தைய பத்து வருடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மறுபடி குடித்தவர் கைக்கு மைக் போகாது. அவருக்குப் பின்மாற்றக்காரர் என்று பெயர் வைத்து, அவருக்காக ஜெபக்குறிப்பு எழுதி வைத்துவிடுவோம்.

புதிய ஏற்பாடு இப்படி நிறுத்துவதில்லை. மனிதர் மாற முடியும் என்பதற்கு அது காட்டும் ஆதாரம் இயேசுவின் உயிர்த்தெழுதல்தான். ஆனால் உயிர்த்தவரைக் கண்ணால் கண்டவர்களே அதற்குப் பிறகு பயப்படுகிறார்கள், தடுமாறுகிறார்கள், ஒருவரையொருவர் முகத்துக்கு நேரே கண்டிக்கிறார்கள். அதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இது அந்த எழுத்துகளில் நேர்ந்துவிட்ட பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிர்த்தெழுதல் என்றால் என்ன என்று அவர்கள் புரிந்துகொண்ட விதத்திலிருந்தே இந்த நேர்மை வருகிறது.

அந்தப் புரிதலுக்குப் போக, கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும். இயேசுவின் காலத்து யூதர்களில் பலர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள். யூத சமயப் பிரிவுகளில் சதுசேயர் நம்பவில்லை, பரிசேயர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் வேர் நீதியைப் பற்றிய கேள்வியில் இருந்தது. கடவுளுக்கு உண்மையாக இருந்ததற்காகவே சித்திரவதைப்பட்டுச் செத்தவர்களுக்கு என்ன பதில்? கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், சீரியாவை ஆண்ட அந்தியோக்கு மன்னன் யூத சமயத்தை ஒடுக்கிய நாட்களில் இந்தக் கேள்வி கூர்மையானது. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாயும் ஏழு மகன்களும் கொல்லப்படும் காட்சி வருகிறது. மூன்றாவது மகன் தன் நாக்கையும் கைகளையும் நீட்டி, இவற்றைக் கடவுளிடமிருந்து மறுபடி பெற்றுக்கொள்வேன் என்கிறான். ஆவி எங்கோ மிதந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கை அங்கே பேசவில்லை. வெட்டப்பட்ட கை திரும்ப வரும் என்கிறான் அவன். தானியேல் 12-ஆம் அதிகாரமும் மண்ணில் உறங்குகிறவர்கள் விழிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது.

அவர்கள் எதிர்பார்த்த உயிர்த்தெழுதல் உலகத்தின் முடிவில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியது. கிறிஸ்தவர்கள் வந்து சொன்ன செய்தி இந்தக் கணக்கையே குழப்பிவிட்டது. ஒரே ஒருவர், வரலாற்றின் நடுவில், ரோம ஆட்சி அப்படியே இருக்க, அவரைச் சிலுவைக்கு அனுப்பிய ஆளுநர் பிலாத்து நாற்காலியில் இருக்க, எழுந்துவிட்டார் என்றார்கள். அப்படியானால் முடிவு தொடங்கிவிட்டதா, இல்லையா?

ஆரம்பகாலச் சபைகளுக்கு நிருபங்கள், அதாவது கடிதங்கள், எழுதிய பவுல் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்: முதற்பலன். அறுவடையில் முதலில் வெட்டிய கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும் என்று லேவியராகமம் 23 சொல்கிறது. அந்தக் கட்டு கைக்கு வந்துவிட்டது, மீதி இன்னும் வயலில் நிற்கிறது. அறுப்பின் பண்டிகை கொண்டாடும் நம் சபைகளுக்கு இது விளங்காத விஷயமில்லை. கிறிஸ்தவ வாழ்க்கை நடப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில். மாற்றம் உண்மையாகத் தொடங்கியிருக்கிறது, ஆனால் முடியவில்லை. இதை விட்டுவிட்டு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினால், ஒன்று எல்லாம் முடிந்துவிட்டது என்ற மிதப்பு வரும், அல்லது எதுவுமே நடக்கவில்லை என்ற சோர்வு வரும்.

முதல் வகை ஆட்கள் கொரிந்துவில் இருந்தார்கள்.

கொரிந்து சபையின் அவசரம்

கொரிந்து பணம் புழங்கிய துறைமுக நகரம். பவுல் ஆரம்பித்த அந்தச் சபைக்கு வரங்கள் நிறைய இருந்தன, அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், ஞானம் எல்லாம். கூடவே கட்சிகள் இருந்தன, நீதிமன்ற வழக்குகள் இருந்தன. கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவர்கள் முதலில் தின்று குடித்து முடித்துவிட, தாமதமாக வந்த ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். ஆனால் தாங்கள் ஏற்கனவே உச்சியைத் தொட்டுவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. பவுலின் கிண்டல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: நீங்கள் ஏற்கனவே நிரம்பிவிட்டீர்கள், ஏற்கனவே அரசாள்கிறீர்கள், எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்கிற தொனி.

அதே சபையில் சிலர் மரித்தவர்களின் உயிர்த்தெழுதல் என்று ஒன்று இல்லை என்றார்கள். அவர்கள் சரியாக என்ன நினைத்தார்கள் என்பதில் பல விளக்கங்கள் உண்டு. உடல் அழியும், ஆவிதான் முக்கியம், அந்த ஆவி எங்களுக்கு இப்போதே கிடைத்துவிட்டது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் பவுல் அந்த நிருபம் முழுவதும் உடலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். 6-ஆம் அதிகாரத்தில் விபசாரத்தைக் கண்டிக்கும்போது, இது ஒழுக்கக்கேடு என்று சொல்லி விட்டுவிடவில்லை. தேவன் ஆண்டவரை எழுப்பினார், நம்மையும் எழுப்புவார், ஆகவே இந்த உடலை வைத்து என்ன செய்கிறாய் என்பது முக்கியம் என்று வாதிடுகிறார். எரித்துவிடப்போகும் பொருளாக உடலை நினைப்பவனும், எழுப்பப்படப்போகும் பொருளாக நினைப்பவனும் ஒரே மாதிரி வாழமாட்டார்கள்.

15-ஆம் அதிகாரம் உயிர்த்தவரைக் கண்டவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து. ஏறத்தாழ கி.பி. 53-55 வாக்கில், எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. சுவிசேஷங்களே அதற்குப் பிந்தியவை. அதில் உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியல் வருகிறது: கேபா, அதாவது பேதுரு, பிறகு பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாக அகாலப்பிறவி போன்ற தான். கவனித்தால், இந்தப் பட்டியலில் பெயரோடு வருகிற மூன்று பேருமே உயிர்த்தெழுதலுக்கு முன்னால் தவறான பக்கம் நின்றவர்கள். பேதுரு, இயேசுவின் முதன்மைச் சீடர், அவர் பிடிபட்ட இரவில் அவரைத் தெரியாது என்று மறுதலித்தவர். யாக்கோபு, இயேசுவின் சகோதரர். அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் 7 சொல்கிறது. பின்னாளில் எருசலேம் சபைக்கே தலைவராகி, கி.பி. 62-இல் கல்லெறியப்பட்டு இறந்தார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் குறித்திருக்கிறார். மூன்றாமவர் சபையைத் துன்புறுத்திய பவுல்.

அதே அதிகாரத்தில் பவுல் "அநுதினமும் சாகிறேன்" என்கிறார். உயிர்த்தெழுதலைப் பற்றிய அதிகாரத்தில் அன்றாடச் சாவைப் பற்றிப் பேசுவது அவருக்கு முரணாகத் தெரியவில்லை. ரோமருக்கு எழுதும்போது இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம், அது நடந்துவிட்டது. அவருடைய உயிர்த்தெழுதலின் சாயலில் இணைக்கப்பட்டிருப்போம், அது இனிமேல். இரண்டுக்கும் நடுவே, புதிய ஜீவனில் நடந்துகொள்ள வேண்டும், அது இப்போது. கொலோசெயர் நிருபம் கிறிஸ்துவுடன் எழுந்துவிட்டீர்கள் என்றே சொல்கிறது. ஆனால் சொன்ன கையோடு கோபம், மூர்க்கம், பொய், தூஷணம் இவற்றையெல்லாம் கழற்றிப் போடுங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலும் கொடுக்கிறது. எழுந்தாயிற்று என்றால் பட்டியல் எதற்கு? எழுந்ததனால்தான் பட்டியல். தீமோத்தேயுவுக்கான இரண்டாம் நிருபமோ, உயிர்த்தெழுதல் நடந்து முடிந்தாயிற்று என்று கற்பித்த இமெநேயு, பிலேத்து என்ற இருவரைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 15-ஆம் அதிகாரம் கடைசி எக்காளம், மரணத்தின் கூர் எங்கே என்று உச்சத்துக்குப் போய் முடிகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரி காணிக்கை வசூல். எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்காக, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவனும் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கட்டும் என்கிறார். வாரத்தின் முதல் நாள் என்பது உயிர்த்த நாள். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் வந்தது. எழுதிய பவுலுக்கு அந்த இரண்டும் தொடர்ந்து வரும் பேச்சு.

கரிநெருப்பு

இனி பேதுரு. ஒரு மனிதனுடைய மாற்றத்தை இவ்வளவு நீளத்துக்கு, இவ்வளவு சறுக்கல்களோடு புதிய ஏற்பாடு வேறு யாரைப் பற்றியும் சொல்வதில்லை.

உயிர்த்த இயேசு பேதுருவைத் தனியாகச் சந்தித்ததாக இரண்டு இடங்களில் குறிப்பு இருக்கிறது, பவுலின் பட்டியலிலும் லூக்கா 24-இலும். சீமோனுக்குத் தரிசனமானார் என்று ஒரே வரி. அந்தச் சந்திப்பில் என்ன நடந்தது, யார் முதலில் பேசினார்கள், பேதுரு அழுதாரா என்பதை நான்கு சுவிசேஷங்களில் எதுவும் சொல்லவில்லை. நம் சாட்சிகளில் இதுதான் முக்கியமான காட்சியாக இருந்திருக்கும். அவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

யோவான் சொல்லும் காட்சி அதற்குப் பிந்தியது. அவருடைய சுவிசேஷத்தில் சீடர்கள் உயிர்த்தவரை ஏற்கனவே இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். அப்புறமும் பேதுரு, மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். மற்ற ஆறு பேரும் நாங்களும் வருகிறோம் என்கிறார்கள். பரவசமும் இல்லை, ஊழியத் திட்டமும் இல்லை, பழைய வலை. கண்ணால் கண்ட அற்புதம் தானாகவே ஒருவனை மாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வசனத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இரவு முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் நின்ற ஒருவர் வலதுபுறம் போடச் சொல்கிறார், 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன, பேதுரு கடலில் குதித்து நீந்தி வருகிறார். கரைக்கு வந்தால் அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூட அப்பம். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிருக்கு வேலைக்காரர்கள் மூட்டிய நெருப்பு அது. அதில் குளிர்காய்ந்த அந்த இரவில்தான் பேதுரு அந்த மனுஷனைச் சேர்ந்தவன் நான் அல்ல என்று மூன்று முறை சொன்னார்.

சாப்பிட்டு முடித்த பிறகு இயேசு மூன்று முறை கேட்கிறார். பழைய பெயரைச் சொல்லி, யோனாவின் குமாரனாகிய சீமோனே என்று கூப்பிட்டு, நீ என்னை நேசிக்கிறாயா என்று. மூன்றாம் தடவையில் பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் எழுதுகிறார். பட்டிருப்பார், இடமே அப்படி அமைந்திருக்கிறது. மறந்துவிடு, போனது போகட்டும் என்று இயேசு சொல்லவில்லை. தோற்ற இடத்துக்கே அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறார். அதே நெருப்பு, அதே எண்ணிக்கை. ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரு பொறுப்பு கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய்ப்பாயாக. மறுதலித்தது ஏன் என்று விசாரணை இல்லை. இனிமேல் செய்யமாட்டேன் என்ற சத்தியமும் வாங்கவில்லை. சத்தியம் பண்ணுவதில் பேதுருவுக்கு ஏற்கனவே நல்ல பழக்கம், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று இருவருக்கும் தெரியும்.

உயிர்த்தெழுதல் ஒருவனை எப்படி மாற்றுகிறது என்று என்னைக் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். சிலுவையில் அறையப்பட்டவர் செத்தே போயிருந்தால், பேதுருவின் துரோகம் கடைசி வார்த்தையாக நின்றிருக்கும். செத்தவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, கேட்டாலும் பதில் வராது. பெற்றவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவர்களைப் புதைத்தவர்களுக்கு இது தெரியும். கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருக்கிறீர்கள் என்று பவுல் எழுதியது கோட்பாட்டு வாக்கியமாக நமக்குப் படலாம். பேதுருவின் இடத்தில் வைத்துப் படித்தால் அது நேரடியான செய்தி. அவர் உயிரோடு வந்ததனால்தான் அந்த உரையாடல் சாத்தியமாயிற்று. நான் யாருக்குத் தவறு செய்தேனோ அவர் உயிரோடு இருக்கிறார், என்னிடம் பேச வந்திருக்கிறார் என்பதில்தான் மாற்றம் தொடங்குகிறது.

கீழைச் சபைகளின் உயிர்ப்பு ஓவியம் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. இஸ்தான்புல்லில் கோரா என்ற பழைய ஆலயத்தில் 1315-1321 வாக்கில் வரைந்த சுவரோவியம் அதில் பெயர்பெற்றது. கல்லறை வாசலும் காவலர்களும் அதில் இல்லை. வெள்ளை உடையில் கிறிஸ்து, ஒரு பக்கம் ஆதாம், மறுபக்கம் ஏவாள், இருவரையும் சவப்பெட்டியிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். காலடியில் உடைந்த பூட்டுகளும் தாழ்ப்பாள்களும் சிதறிக் கிடக்கின்றன. அவர் பிடித்திருப்பது அவர்களின் உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டை. கை கொடுக்கத் தெம்பில்லாதவர்களை அப்படித்தான் பிடித்துத் தூக்குவோம்.

சரி, தூக்கிவிட்ட பிறகு? ஐம்பது நாளில் அதே எருசலேமில் பேதுரு கூட்டத்தின் முன் நின்று பேசுகிறார். சிறிது நாளில் அவரைப் பிடித்து ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்துகிறார்கள். அங்கே இருந்தவர்களின் பெயரை லூக்கா குறிக்கிறார்: அன்னா, காய்பா. எந்த வீட்டு முற்றத்தில் ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு நடுங்கினாரோ, அந்த வீட்டு எஜமானர்கள். அவர்கள் முன்னால் பேதுரு நிமிர்ந்து பேசியது அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. இங்கேயே கதையை முடித்திருந்தால் நம் மேடைக்குப் பொருத்தமான சாட்சி கிடைத்திருக்கும். முடிக்கவில்லை. அதைக் கட்டுரையின் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

காயம் போகவில்லை

புதுச்சிருஷ்டி என்று சொல்லும்போது பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்ட சிலேட்டு போல நினைக்கிறோம். யோவான் 20-இல், உயிர்த்ததை நம்ப மறுத்த சீடர் தோமாவுக்குக் காட்டப்பட்ட இயேசுவின் உடலில் ஆணிகளின் காயம் இருந்தது, விலாவில் ஈட்டி பாய்ந்த தடம் இருந்தது. பூட்டிய கதவைத் தாண்டி வரக்கூடிய உடலுக்குக் காயத்தை ஆற்றிக்கொள்ள வழியில்லாமல் போயிருக்காது. அவை அங்கே இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் தோமா அவரை அடையாளம் காண்கிறார்.

"எல்லாம் புதிதாயின" என்ற வரி கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் தன் மாம்சத்தில் உள்ள ஒரு முள்ளைப் பற்றிச் சொல்கிறார். நீக்கும்படி மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை. கிடைத்த பதில், என் கிருபை உனக்குப் போதும் என்பது. வீட்டு நிலைப்படியில் முதல் வசனத்தை ஒட்டுகிறவர்கள் இரண்டாவதையும் பக்கத்தில் ஒட்டினால் நல்லது. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் சகோதரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பவுலுக்கும் அதையே சொல்லியிருப்பார்கள்.

காயத்தோடு எழுந்த உடல் என்பது வெறும் பிரசங்கக் குறிப்பாக இல்லாமல் போன ஓர் இடம் இலங்கையில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், இவற்றோடு கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழரும் சிங்களவரும் குழந்தைகளும் இருந்தார்கள். கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் உயிர்த்த இயேசுவின் சிலை ஒன்று இருந்தது. அதன்மேல் மக்களின் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவிவிடாமல் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஈஸ்டர் அன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். அதே கர்தினால் அதற்குப் பிறகும், இதற்குப் பின்னால் இருந்தவர்கள் யார், எச்சரிக்கை வந்தும் தடுக்காதவர்கள் யார் என்று அரசைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கப்பட்டவர்களும் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மன்னித்தாயிற்றே, அப்புறம் எதற்கு வழக்கு என்று கேட்பவர்கள் உண்டு. உயிர்த்தெழுதல் நம்பிக்கை பிறந்ததே கொல்லப்பட்டவர்களுக்கு நீதி எங்கே என்ற கேள்வியில் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழிவாங்கமாட்டேன் என்பதும் உண்மை வெளிவர வேண்டும் என்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்க முடியும். எந்தக் குடும்பமாவது இன்னும் மன்னிக்க முடியவில்லை என்று சொன்னால், வெளியிலிருந்து அவர்களை அவசரப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

மூன்று வருடப் பாடம்

ஆரம்பகாலச் சபைகள் மாற்றத்துக்கு நேரம் ஆகும் என்பதை நடைமுறையிலேயே ஏற்றுக்கொண்டிருந்தன. 3-ஆம் நூற்றாண்டு ரோமைச் சேர்ந்த இப்போலித்துவின் பெயரால் வழங்கும் ஒரு சபை ஒழுங்குநூல் இருக்கிறது (அதன் காலத்தையும் ஆசிரியரையும் பற்றி அறிஞர்களுக்குள் சர்ச்சை உண்டு). ஞானஸ்நானம் கேட்டு வருபவர் மூன்று வருடம் பாடம் கேட்க வேண்டும் என்கிறது அது. என்ன தொழில் செய்கிறார் என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். விக்கிரகம் செய்பவர், வாள்சண்டை வீரர், விபசாரத் தரகர் எல்லாம் தொழிலை விட்டாக வேண்டும். பாடம் முடிந்ததும் பரீட்சை. கேள்விகள் உபதேசத்தைப் பற்றியவை என்று நினைப்போம். விதவைகளைக் கவனித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா, நற்காரியம் செய்தாரா என்பதே கேட்கப்பட்டது. அதுவும் அவரைக் கூட்டிவந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லிக்கொள்ள முடியாது.

4-ஆம் நூற்றாண்டு எருசலேமில் இதன் உச்சம் உயிர்ப்பு இரவில் நடந்தது. மேற்கு நோக்கி நின்று சாத்தானை மறுதலிப்பார்கள், கிழக்கே திரும்புவார்கள், பழைய ஆடையைக் களைந்துவிட்டு நிர்வாணமாக நீரில் இறங்கி மூன்று முறை முழுகுவார்கள். ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் போதனைகளில் அந்த நீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆயிற்று என்ற கருத்து வருகிறது. அதைச் சொன்ன இடமே இயேசுவின் கல்லறைமேல் கட்டிய ஆலயம். இதெல்லாம் என்ன என்ற விளக்கத்தை முன்கூட்டிச் சொல்லாமல், முழுக்கு முடிந்த பிறகு, ஈஸ்டரை அடுத்த வாரத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அகுஸ்தீன் 387-இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் உயிர்ப்பு இரவில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனம் திரும்பிய தோட்டக் காட்சி அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது, கிறிஸ்தவ உலகிலேயே பேர்பெற்ற சாட்சி அது. அதை அவர் எழுதியது ஏறத்தாழ பத்து ஆண்டு கழித்து, ஹிப்போ நகரத்தின் ஆயரான பிறகு. தன் வாழ்க்கையை எழுதிய அந்த நூலின் பத்தாம் பகுதியில் அவர் இன்றைய தன் நிலைக்கு வருகிறார். பழைய ஆசைகள் கனவில் இன்னும் வருகின்றன. பசிக்குச் சாப்பிடுகிறேனா, ருசிக்குச் சாப்பிடுகிறேனா என்று பிடிபடவில்லை. பிறர் புகழ்ந்தால் மனம் மகிழ்கிறது, அது எவ்வளவு தவறு என்று அளக்கத் தெரியவில்லை. ஓர் ஆயர் தன் சபையார் படிக்கும்படி இதை எழுதினார். இந்தப் பகுதியை நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

அந்தியோகியாப் பந்தி

இப்போது பேதுருவின் மீதிக் கதை. யோப்பாவில் ஒரு வீட்டு மாடியில் அவருக்குத் தரிசனம் வருகிறது. பெரிய துப்பட்டியில் எல்லா விதப் பிராணிகளும், அடித்துப் புசி என்ற குரல். அப்படியல்ல ஆண்டவரே, தீட்டானதை ஒருபோதும் புசித்ததில்லை என்கிறார் பேதுரு. இங்கேயும் மூன்று முறை. பிறகு செசரியாவுக்குப் போய், கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் நுழைகிறார். எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது என்று தேவன் எனக்குக் காட்டினார் என்று வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் அந்தியோகியாவில் என்ன நடந்தது என்று கலாத்தியர் 2 சொல்கிறது. யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பேதுரு. யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பவுலின் உடன் ஊழியரான பர்னபாகூட. முற்றத்தில் வந்த அதே வியாதி: பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். காலி கல்லறையைப் பார்த்தவர், கரிநெருப்புப் பக்கத்தில் மன்னிக்கப்பட்டவர், அன்னா முன்னால் நிமிர்ந்து நின்றவர், சாப்பாட்டு விஷயத்தில் விழுந்துவிட்டார்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பந்தி தூரத்துச் சம்பவம் இல்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். ஆலயத்தில் தனித்தனி இடத்தில் உட்காருவதும் திருவிருந்தில் தனித்தனியாக வருவதும் நிற்க வேண்டும் என்பது கட்டளை. தஞ்சையில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் வேஷக்காரர்கள் அல்ல, பலர் தலைமுறை தலைமுறையாக விசுவாசிகள். இன்றைக்கும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், ஒரே தோட்டத்துக்குள் நடுச்சுவர் என்று வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன் என்ற வசனத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமும் வாசிக்கிறார்கள், அந்தப் பக்கமும் வாசிக்கிறார்கள். கடைசி எக்காளம் ஊதும்போது எந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வருவதாக உத்தேசமோ தெரியவில்லை.

உயிர்த்தெழுதல் தரும் தனிமனித மாற்றம் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் கெட்ட பழக்கம் விடுவதையே நினைக்கிறோம். பவுல் பேதுருவிடம் பார்த்த கோளாறு அந்த வகையில் சேராது. பேதுரு ஒழுக்கமாகத்தான் இருந்தார், நன்றாகத்தான் ஜெபித்தார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதில் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு, அதையும் எல்லாருக்கும் முன்பாகச் சொன்னார். தனியாகப் போய் உபவாசம் இருந்து சரிசெய்துகொள்ளக் கூடிய காரியமாக அதை அவர் கருதவில்லை. எழுந்து போன பந்திக்குத் திரும்பிப் போய் உட்கார வேண்டும்.

பேதுரு திரும்பிப் போனாரா? கலாத்தியர் நிருபம் அதைச் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அப்போஸ்தலருடைய நடபடிகள் 15-இல், எருசலேமில் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து, நமக்கும் அவர்களுக்கும் தேவன் வித்தியாசம் வைக்கவில்லை, நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை அவர்கள்மேல் சுமத்துவானேன் என்று புறஜாதியார் பக்கம் நின்று பேசுகிறார். அந்தப் பேச்சு அந்தியோகியாச் சண்டைக்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பின்னால்தான் என்றால், கண்டித்தது வீண்போகவில்லை. முன்னால் என்றால், அப்படியெல்லாம் பேசிவிட்டு வந்த மனிதர்தான் அந்தப் பந்தியிலிருந்து எழுந்து போனார்.